குவார்ட்டருக்கு ஈடாக ஒரு குவளை

ஒரு குவார்ட்டர் பிராந்தி 180 மில்லி. அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம், கணக்குப் போட்டால் ஏறத்தாழ 77 மில்லி சுத்த ஆல்கஹால். 650 மில்லி பாட்டிலில் வரும் சாதாரண பீர் 5 சதவீதம் என்று கொண்டால் 32 மில்லிதான் தேறும். ஆனால் மலிவு ரகக் குவார்ட்டரின் விலையும் ஒரு பீர் பாட்டிலின் விலையும் டாஸ்மாக் பட்டியலில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி நிற்கின்றன. மாத்தூர் தொழிற்பேட்டையில் வேலை முடித்து, பஸ் ஏறிப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரனூரில் இறங்குகிற தொழிலாளி இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்க்க வேண்டியதில்லை. கை தானாகக் குவார்ட்டருக்குப் போகும். கொடுக்கிற காசுக்கு இரு மடங்குக்கு மேல் போதை தருவது அதுதான். பீர்தான் வேண்டும் என்பவரும் 8 சதவீதம் வரை போகும் 'ஸ்ட்ராங்' கேட்டு வாங்குகிறார். பிறகு நம்மாளுக்கு அளவாகக் குடிக்கத் தெரியவில்லை, கவிழ்ந்து விழத்தான் தெரிகிறது என்று அங்கலாய்க்கிறோம். வேகமாக, கனமாக, நின்றபடியே குடிக்கக் கற்றுக்கொடுப்பது கடையின் அமைப்பும் விலையின் அமைப்பும். கீரனூர் போன்ற ஊர்களில் இருக்கிற மதுக்கடை ஒன்றை மூடிவிட்டு, அதற்கு ஈடாக, உள்ளூரிலேயே பீர் காய்ச்சி அங்கேயே குழாயிலிருந்து ஊற்றித் தரும் கூடம் ஒன்றுக்கு உரிமம் தரலாம் என்பது என் கருத்து. கூடுதலாக வேண்டாம், ஈடாக.

எந்த பீர் என்பதில் இருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் ருசிதான் இந்த வாதத்தின் அடித்தளம். நாம் பாட்டிலில் பார்க்கும் பீரெல்லாம் பெரும்பாலும் லாகர் வகையே. ஜெர்மன் மொழியில் சேமித்து வைத்தல் என்ற பொருளிலிருந்து வந்த பெயர் அது. மற்ற வகை பீர்கள் நம் வீட்டுக்கூட வெப்பத்துக்குச் சற்றுக் கீழே சில நாட்களில் நொதித்து முடிந்துவிடும். லாகருக்கான ஈஸ்ட்டோ 8 முதல் 12 டிகிரி குளிரில் நிதானமாக வேலை செய்யும். அதன் பிறகு உறைநிலைக்குப் பக்கத்தில் வாரக்கணக்கில் கிடந்து தெளிய வேண்டும். 1842-ல் பில்சன் நகரில் யோசப் க்ரோல் என்ற பவேரியர் காய்ச்சிய பொன்னிற பீர்தான் இன்று உலகம் முழுக்க ஓடும் லாகரின் முன்னோடி. வாசனைப் பழங்களோ, வறுத்த கரிய தானியமோ இந்தப் பொன்னிற லாகரில் இல்லை. ஆகவே காய்ச்சியவரின் பிழையை மறைக்க எதுவுமில்லை. ரசம் வைப்பது மாதிரி: பொருள் குறைவு, கைப்பக்குவம் அதிகம். புதிதாக இறக்கிய நல்ல லாகரில் முளைத்த தானியத்தின் இளம் இனிப்பும், ஹாப்ஸ் பூவின் கசப்பும், தொண்டையைக் கழுவிவிடும் உலர்ச்சியும் அடுத்தடுத்து வரும். அதையே பாட்டிலில் அடைத்து, சித்திரை வெயிலில் லாரியில் ஏற்றி, கிடங்கில் அடுக்கி, கடைசியில் "கூலிங் இல்லை" என்ற பதிலோடு கம்பி வலை வழியாக நீட்டினால் என்ன மிஞ்சும்? வெப்பமும் வெளிச்சமும் பீரின் இரண்டு எதிரிகள். கெட்டுப்போன ருசியைத் தாண்டி அதில் மிஞ்சுவது போதை ஒன்றே. அதைத்தான் வாங்குபவரும் எதிர்பார்க்கப் பழகிவிட்டார்.

பீர் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, நம் மண்ணுக்கு ஒட்டாதது என்பவர்கள் பத்துப்பாட்டைப் புரட்டலாம். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் ஒரு செய்முறையே இருக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சுகிறார்கள். வாயகன்ற தட்டில் ஊற்றி ஆற்றுகிறார்கள். கரையான் புற்றின் உட்பகுதியைப் போலத் தோன்றும் ஓர் அடையைச் சேர்த்துப் பிசைகிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடிக்குள் வைத்து, விளைந்த பிறகு விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள். தானியத்தைக் காய்ச்சி, ஆற்றி, நொதி கூட்டிப் புளிக்கவிடும் இந்த வேலைக்கு இன்றைய பெயர் பீர் காய்ச்சுதல்தான். (அந்தப் பாட்டின் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். புதுக்கோட்டைத் தொண்டைமான்களோடு அவனுக்கு இருப்பது பெயர்ப் பொருத்தம் மட்டுமே. உறவு கொண்டாட வேண்டாம்.) தொழிற்சாலை பீரும் தென்னிந்தியாவுக்கு நேற்று வந்ததல்ல. 1857-ல் தொடங்கிய காசில் ப்ரூவரி உள்ளிட்ட ஐந்து தென்னிந்திய ஆலைகளை 1915-ல் ஒன்றாக்கியதில் பிறந்ததுதான் யுனைடெட் ப்ரூவரீஸ். சிறிய அளவில், உள்ளூரில் காய்ச்சுவதுதான் நம்மிடம் அறுந்துபோன கண்ணி.

அந்தக் கண்ணியை வேறு சில மாநிலங்கள் கோத்துக்கொண்டுவிட்டன. 2009-ல் புனேயில் டூலாலி, 2010-ல் பெங்களூரில் டாய்ட் என்று தொடங்கிய, அங்கேயே காய்ச்சி ஊற்றித் தரும் மைக்ரோப்ரூவரிகள் இன்று பெங்களூரின் அடையாளங்களில் ஒன்று. புதுச்சேரியிலும் உண்டு. தமிழ்நாட்டில் அந்த வாசல் திறக்கவில்லை. மதுவின் மீதான வரியும் உரிமமும் அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் இருப்பவை. ஜிஎஸ்டிக்குள்ளும் மது வரவில்லை. டெல்லியைக் கைகாட்டிவிட்டு ஒதுங்க இதில் இடமில்லை. ஆனால் பெங்களூரை அப்படியே பெயர்த்து வைத்தால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. அங்கே அது ஐடி சம்பளத்துக்கான பொழுதுபோக்கு. கண்ணாடிச் சுவர், மூன்று மாடி, ஒரு குவளைக்கு ஒரு நாள் கூலி. தமிழ்நாட்டில் நாளை அனுமதி வந்தால் அது சென்னை, கோவை நட்சத்திர ஓட்டல்களோடு நின்றுவிடும் ஆபத்து நிறையவே இருக்கிறது. அதனால்தான் கீரனூரை அளவுகோலாக வைக்கிறேன். திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில், குளத்தூர் வட்டத்தின் தாலுகா அலுவலகமும் ஒரு ரயில் நிலையமும் உள்ள இந்த ஊரில் நடக்காத திட்டம், ஏற்கெனவே வசதி உள்ளவர்களுக்கு இன்னொரு வசதி என்பதைத் தாண்டாது.

விலை இறங்க வரி இறங்க வேண்டும், அதுவும் ஆல்கஹாலின் அளவுக்கேற்ப. 2023 ஆகஸ்டு முதல் பிரிட்டன் எல்லா மதுவகைகளுக்கும் வீரியத்தை அடிப்படையாக வைத்து வரி போடுகிறது. பீப்பாயிலிருந்து குழாய் வழியாக ஊற்றப்படும் பீருக்குத் தனிச் சலுகையும் தருகிறது. வீட்டில் தனியாகக் குடிப்பதை விட நாலு பேர் பார்வையில் குடிப்பது மேல் என்பது அதில் அடங்கியிருக்கும் கணிப்பு. 4.5 சதவீத லாகர் ஒரு குவளை, 330 மில்லி, என்றால் 15 மில்லி ஆல்கஹால். ஒரு குவார்ட்டருக்குள் அப்படிப்பட்ட ஐந்து குவளைகள் மறைந்திருக்கின்றன. ஐந்து குவளை குடிக்க ஒன்றரை லிட்டருக்கு மேல் வயிற்றில் இடம் வேண்டும், நேரம் வேண்டும். குவார்ட்டருக்கு ஒரு பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர் பாக்கெட்டும் ஐந்து நிமிடமும் போதும். அரசின் விலைப் பட்டியல் இப்போது தலைகீழாக நிற்கிறது: லேசானதற்குத் தண்டம், கனமானதற்குத் தள்ளுபடி.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் ஒன்றை மட்டும் நான் உண்மையிலேயே கனமானதாகக் கருதுகிறேன். குடிக்க இன்னொரு வழி திறந்தால் பழைய வழி அடைபடாது, இரண்டும் சேர்ந்துகொள்ளும் என்ற மறுப்பு அது. இதற்கு ஆதாரமும் உண்டு. பின்லாந்து 1969-ல், மக்கள் வோட்காவிலிருந்து பீருக்கு மாறட்டும் என்ற நல்லெண்ணத்தோடு மிதமான பீரை மளிகைக் கடைகளில் விற்க அனுமதித்தது. ஒரே ஆண்டில் நாட்டின் மொத்த ஆல்கஹால் நுகர்வு 46 சதவீதம் கூடியது. பீர் வந்தது, வோட்காவும் போகவில்லை. மென்மதுவை ஆதரித்து எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் கடந்துவிடுகிறார்கள். ஆனால் அங்கே நடந்தது, ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மளிகைக் கடைகள் மதுக்கடைகளானது. விற்பனை இடங்களின் எண்ணிக்கை எகிறியதுதான் அதன் பாடம். எனவேதான் 'ஈடாக' என்ற சொல்லில் பிடிவாதமாக இருக்கிறேன். தமிழ்நாட்டில் கடைகளை மூடுவது புதிதும் அல்ல: 2016-ல் 500, 2017-ல் 500, 2023-ல் 500 என்று மூன்று முறை மூடியிருக்கிறார்கள். மூடிய ஊர்க்காரர் அடுத்த ஊர்க் கடைக்குப் பைக் எடுக்கிறார் என்பதுதான் அப்போதெல்லாம் கேட்ட புலம்பல். அடுத்த சுற்று மூடலில் ஒரு பகுதியையாவது இப்படி ஈடு வைத்துச் செய்து, இரண்டு மூன்று ஆண்டுகள் அந்த வட்டாரத்து விற்பனைக் கணக்கைப் பார்க்கட்டும். ஆல்கஹால் அளவு குறையவில்லை என்றால் உரிமத்தைத் திரும்பப் பெறட்டும். நான் சொல்வது தவறு என்று நிரூபிக்கும் வழியும் இதிலேயே இருக்கிறது.

எந்த அளவும் உடம்புக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார அமைப்பு 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. லாகர் மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படியானால் முழு மதுவிலக்கே தீர்வு என்பவர்களின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. சாசனத்தின் 47-ஆவது பிரிவும் அவர்கள் பக்கம்தான் பேசுகிறது. 1937-ல் ராஜாஜி அரசு சேலத்தில் தொடங்கிய பரிசோதனை 1971 வரை நீடித்தது. அதனால் கள்ளச் சாராயம் ஒழிந்ததா? இல்லை, அதற்குப் பிறகும் ஒழியவில்லை. மதுக்கடைகள் திறந்தே கிடந்த 2024 ஜூனிலும் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. செத்தவர்களில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்கள். பாக்கெட் சாராயம் டாஸ்மாக்கை விட மலிவாகக் கிடைத்தது. லேசான மது மலிவாகவும் அருகிலும் கிடைக்காத இடத்தில் எது நுழையும் என்பதற்கு அந்த ஊரை விடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

வருவாய் போய்விடும் என்ற கவலை அரசுக்குள் இருக்கும், வெளியே சொல்ல மாட்டார்கள். 2023-24-ல் மதுவிலிருந்து வந்த வரி 45,855 கோடி ரூபாய். ஒரு மாநிலத்தின் நிதி இவ்வளவு தூரம் குவார்ட்டர் பாட்டிலின் மேல் சாய்ந்திருப்பதே மாற்றத்துக்கான காரணம் என்பேன். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தண்ணீரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு மட்டும் கணக்கோடு பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்மாயை நம்பி வாழும் வறண்ட வட்டாரம் இது. சின்ன அளவில் காய்ச்சும்போது ஒரு லிட்டர் பீருக்கு ஏழு லிட்டர் தண்ணீர் போகும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நாளுக்கு 300 லிட்டர், அதாவது சுமார் 900 குவளை, காய்ச்சும் கூடத்துக்கு 2,100 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்று ஐந்து நாளைக்கு மேல் வரும். மின்சாரம்தான் பெரிய செலவு. நாற்பது டிகிரி வெயிலில் 10 டிகிரித் தொட்டியை வாரக்கணக்கில் காப்பது லேசல்ல. நியாயமாகப் பார்த்தால் முதலில் கோதுமை பீர் போன்ற சீக்கிரம் முடியும் வகைகளில் தொடங்கி, கை தேர்ந்த பிறகு லாகருக்கு வருவதே புத்திசாலித்தனம். பார்லியும் ஹாப்ஸும் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதையும் மறைக்க வேண்டாம். ஆனால் லாகரில் ஒரு பங்கு அரிசி சேர்ப்பது ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நெடுநாள் வழக்கம். நெல்லுக்கு இங்கே பஞ்சமில்லை. பிழிந்த சக்கை மாட்டுக்கு நல்ல தீவனம், ஜல்லிக்கட்டு மாவட்டத்தில் அதற்கு வாங்க ஆள் தேட வேண்டியதில்லை. குழாயிலிருந்து குவளைக்குப் போகும் பீருக்குப் பாட்டில் கிடையாது. உடைந்த பாட்டில் காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் தலையிட்டு, பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கித் திருப்பித் தரும் திட்டம் 2022-ல் நீலகிரியில் தொடங்கியது. வயலில் நாற்று நடுகிறவர்களின் காலைக் கிழிப்பதும் அதே கண்ணாடிதான்.

கூடம் எங்கே, எப்படி என்பதற்கும் நிபந்தனைகள் வேண்டும். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டர், சிற்றூர்களில் 220 மீட்டர் என்று உச்ச நீதிமன்றம் 2016-லும் 2017-லும் வகுத்த தூரம் இதற்கும் பொருந்தட்டும்; சாலையை ஒட்டி வளர்ந்த கீரனூரில் அது கடைத்தெருவுக்கு உள்ளே தள்ளியே இடம் பார்க்க வைக்கும். உட்கார நாற்காலி, கழிப்பறை, சமைத்த சாப்பாடு மூன்றும் கட்டாயம். கேரளத்துக் கள்ளுக்கடைகளில் கப்பையும் மீன்கறியும் சாப்பிடவே குடும்பத்தோடு போகிறார்கள். இங்கே அவித்த வேர்க்கடலையில் தொடங்கலாம். சுவருக்குப் பின்னால், முகத்தை மறைத்துக்கொண்டு குடிக்கிற இடமாக இல்லாமல், பெண்கள் பயமின்றிக் கடந்து போகக்கூடிய, ஏன், உள்ளே வந்து சாப்பிடக்கூடிய இடமாக அது இருக்கிறதா என்பதையே ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்கும் சோதனையாக வைக்கலாம். வீட்டில் அடி வாங்குகிற பெண்ணுக்கு லாகரும் பிராந்தியும் ஒன்றுதான் என்று கேட்டால், ஒன்றுதான். அதனால்தான் கூட்டாமல் மாற்றச் சொல்கிறேன்.

கடைசியாகக் கள். 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. நாலைந்து சதவீத ஆல்கஹால் உள்ள, இறக்கிய அன்றே குடித்துவிட வேண்டிய, பாட்டிலும் லாரியும் தேவைப்படாத பானத்தைத் தடுத்துவிட்டு 42.8 சதவீதத்தை அரசே விற்கும் விசித்திரத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நான் சேர்க்க விரும்புவது ஒன்றே ஒன்று. எஃகுத் தொட்டியில் நொதிக்கும் லாகரும் பானையில் நொதிக்கும் கள்ளும் சட்டத்தின் முன் ஒரே வகுப்பாக நடத்தப்பட வேண்டியவை. ஒரே மசோதாவில், ஒரே வரி அட்டவணையில், ஆல்கஹால் அளவுக்கேற்ப இரண்டும் வர வேண்டும். முதலீடு போட முடிந்தவருக்கு மைக்ரோப்ரூவரி உரிமம், பனையேறிக்கு மட்டும் போலீஸ் வழக்கு என்று ஒரு சட்டம் வருமானால், இவ்வளவு எழுதிய நானே அதை எதிர்த்தும் எழுதுவேன்.