ஏழாம் வகுப்புத் தம்பிக்கு ஒரு ஞாயித்துக்கிழமை



ஒரு சின்னக் கேள்வி. உங்க தெருவுல ஏழாவது படிக்கிற பையனோ பொண்ணோ யாராவது இருக்காங்களா? நீங்க கிரிக்கெட் ஆடும்போது சாக்கடைக்குள்ள போன பந்தை எடுத்துத் தர்ற அந்தப் பொடியன்... அவன்தான் இந்த வார ஹீரோ!

"அவன் காலேஜுக்கு வர இன்னும் அஞ்சாறு வருஷம் இருக்கே பாஸ், இப்பவே என்ன அவசரம்?"னு கேட்கத் தோணும். நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். அதுக்கு விலை கொடுத்தது நான் இல்லை, பக்கத்து வீடு.

சோமனூர் பக்கம் எங்க ஊர். தெருவுக்குள்ள நுழைஞ்சாலே தறிச் சத்தம்தான். பக்கத்து வீட்டிலும் நாலு விசைத்தறி, கூலிக்கு நெய்கிறார்கள். அந்த வீட்டுப் பையன் ஐந்தாவது வரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தான். 2017-ல் ஆறாவதுக்கு மட்டும் ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தார்கள். வேன், டை, ஷூ எல்லாம் அமர்க்களம்! அடுத்த வருஷமே கூலி சரியாக வரவில்லை, ஃபீஸ் கட்ட முடியவில்லை. ஏழாவதுக்கு மறுபடியும் அரசுப் பள்ளி. அதற்கப்புறம் பன்னிரண்டாவது வரை அங்கேயேதான் படித்தான். பையன் கெட்டி. 2024-ல் நல்ல மார்க்கோடு வெளியே வந்தான்.

அந்த ஆகஸ்ட் 9-ம் தேதி, நம்ம கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் முதல்வர் ஸ்டாலின் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பையன்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். டி.வி.யில் பார்த்துவிட்டு அவன் அம்மா ஓடி வந்தார்.

"ஏனுங் தம்பி, அந்த ஆயிரம் ரூவா என்ற பையனுக்கும் வருமுங்களா?"

விதியைப் படித்துப் பார்த்தேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஏழு வருஷத்தில் ஆறு வருஷம் சரி. ஒரே ஒரு வருஷம் இடிக்குது!

ஆயிரம் ரூபாய் போனால் போகட்டும் என்று விடலாம். பெரிய அடி அதற்கு முன்பே விழுந்திருந்தது, 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. நீட் எழுதிய அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2020-ல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டம். அந்த முதல் வருஷமே மருத்துவம், பல் மருத்துவம் இரண்டும் சேர்த்து 400-க்கும் மேற்பட்ட இடங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போனது ஞாபகம் இருக்கும். 2021-ல் இன்னொரு சட்டம் வந்து பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் என்று தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்றும் அந்த வருஷமே அறிவித்தார்கள். அதற்கும் இதே 'ஆறு முதல் பன்னிரண்டு' கணக்குதான். வீட்டில் முதல் பட்டதாரிக்கு 2010-லிருந்து கிடைக்கும் சலுகை இவனுக்கு உண்டு, ஆனால் அது கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதிக்குத்தான். விடுதிக்கு யார் கொடுப்பது? பையன் பி.இ. ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தான். (பி.எஸ்சி. மட்டம் என்று சொல்லவில்லை. அவனாக விரும்பி எடுத்திருந்தால் நானே பார்ட்டி கேட்டிருப்பேன்.)

2017-ல் இப்படி ஒரு சட்டம் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அந்த வருஷத்துக்கு நான் பொறுப்பில்லை. நான் பொறுப்பேற்க வேண்டியது 2019-க்கு.

அப்போது அவன் எட்டாவது, நான் காலேஜில் ஃபைனல் இயர். எட்டாவது படிக்கிறவர்களுக்கு என்.எம்.எம்.எஸ். என்று ஒரு தேர்வு உண்டு. மத்திய அரசு 2008-ல் தொடங்கிய உதவித்தொகை. முதலில் வருஷம் 6,000 ரூபாயாக இருந்தது, 2017-ல் 12,000 ஆனது. பாஸ் பண்ணித் தேர்வாகிவிட்டால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை, நாலு வருஷத்துக்கு 48,000 ரூபாய். எனக்கு அது தெரியும். என் கிளாஸ்மேட் ஒருத்தன் அந்தப் பணத்தில்தான் ப்ளஸ் டூ வரை வந்தவன், ஹாஸ்டலில் கதை கதையாகச் சொல்வான். லீவுக்கு ஊருக்கு வந்தால் இந்தப் பையனோடு தினமும் கிரிக்கெட் ஆடுவேன். ஒரு நாளாவது, "டேய், இப்படி ஒரு பரீட்சை இருக்கு, ஹெச்.எம்.கிட்ட கேளு"ன்னு சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. தோணவே இல்லை, அவ்வளவுதான்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். அப்பா அம்மா தறி ஓட்டுகிறார்கள், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள், தோட்டத்து வேலை பார்க்கிறார்கள் என்றால், காலேஜ் வாசல் எங்கே இருக்கிறது, அதற்கு எந்த வருஷம் எந்தப் பேப்பர் வேண்டும் என்பது அந்தத் தெருவில் தெரிந்த ஒரே ஆள் நீங்களாக இருக்கலாம். ப்ளஸ் டூ வந்த பிறகு கடன் வாங்கி நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளியில் தள்ளினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிய வீடுகள் நம்ம பக்கம் எத்தனை! அந்தப் பணத்தில் கால்வாசிகூட வேண்டாம். ஒரு ஞாயித்துக்கிழமை போதும்.

போய் என்ன பேசுவது? முதலில், பள்ளிக்கூடம் மாற்றப் போகிறார்களா என்று கேளுங்கள். மாற்றக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள், அது அவர்கள் வீட்டு முடிவு. மாற்றினால் எது கைவிட்டுப் போகும் என்று மட்டும் சொல்லுங்கள். இதில் நுணுக்கம் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தால் 7.5 கிடையாது, ஆனால் மாத ஆயிரம் ரூபாய் அங்கே தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பெண் பிள்ளைகளுக்கான 'புதுமைப் பெண்' 2022 செப்டம்பரில் தொடங்கியது. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு 7.5-ல் இடம் உண்டு. விதி மாறலாம், அந்தந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துச் சொல்லுங்க.

அடுத்தது என்.எம்.எம்.எஸ். அரசு, அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாவது படிக்க வேண்டும், குடும்ப வருமானம் வருஷத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஏழாவதில் 55 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50). விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான். தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். போட்டி கடுமைதான். இரண்டு தாள், ஆளுக்கு 90 கேள்வி. ஒன்றில் பாடம், இன்னொன்றில் எண் வரிசை, கண்ணாடி பிம்பம், குறியீடு மாதிரி மூளைக்கு வேலை. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? பிளேஸ்மென்ட் ஆப்டிட்யூட்ல நீங்க முழிச்சீங்களே, அதோட குட்டித் தம்பி! உங்களுக்கும் ரிவிஷன் ஆச்சு.

அப்புறம் பேப்பர். ஸ்கூல் ரெஜிஸ்டரில் ஒரு இனிஷியல், ஆதாரில் இன்னொரு இனிஷியல், பேங்க் பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை... இந்தக் கூத்தை ஏழாவதிலேயே சரி பண்ணிவிட்டால் நிதானமாக முடிந்துவிடும். அட்மிஷன் சமயத்தில் இ-சேவை மையத்து க்யூவில் நின்று அழுதவர்களைக் கேட்டால் தெரியும். சாதிச் சான்று, வருமானச் சான்றுக்கும் அதே கதைதான்.

ஒரு அப்பா கட்டாயம் குறுக்கே வருவார். "ஜி.டி. நாயுடு என்ன காலேஜுக்குப் போயா படிச்சாரு?" கொங்கு நாட்டில் இந்தக் கேள்விக்குத் தப்பியவர் யாரும் இல்லை! மரியாதையாகச் சொல்லுங்கள்: "இல்லீங்க மாமா. ஆனா 1945-ல கோயமுத்தூர்ல ஆர்தர் ஹோப் பேர்ல தொழில்நுட்பக் கல்வி ஆரம்பிக்க முன்னால நின்னு கைகொடுத்ததே அவருதான். அதுதான் இன்னிக்கு ஜி.சி.டி.!" மாமா கொஞ்ச நேரம் தறியைப் பார்ப்பார்.

முடிந்தால் ஒரு நாள் பையனை உங்க கேம்பஸுக்குக் கூட்டிட்டுப் போங்க. லேப், லைப்ரரி, அப்படியே கேன்டீன் பஃப்ஸ்.

எங்க தெருக் கதைக்கு வருகிறேன். அந்தப் பையனுக்கு ஒரு தங்கச்சி. ஆறாவதுக்கு அவளையும் வேனில் ஏற்றுவதாக இருந்தார்கள். இந்தத் தடவை நான் சும்மா இருக்கவில்லை. அவள் இப்போது ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே ஏழாவது. ஞாயித்துக்கிழமை காலையில் அண்ணன்காரன் அவளை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லித் தருகிறான், நானும் போய் உட்கார்ந்துகொள்கிறேன். போன வாரம் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டாள்: "மைனஸை மைனஸால பெருக்குனா எப்படிங்ணா ப்ளஸ் வரும்?"

ஒரு பி.இ.யும் ஒரு பி.எஸ்சி. கணிதமும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.