இடிந்த சுவரும் இடியாத சுவரும்

நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாகச் செல்லும் யாத்திரிகர்கள் காற்றாடிமலையில் இறங்கி, மறைசாட்சி தேவசகாயம் 1752 சனவரி 14 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட இடத்தில் முழந்தாட்படியிடுகிறார்கள். 1745இல் அவர் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்தையோ அரைமணி நேரத்தில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கல்லறைத் திருநாளை ஒட்டி நாம் அங்கே ஒரு பகல் முழுவதும் இருந்தோம். அரைமணி போதாத ஊர் அது.

திருக்குடும்ப ஆலயத்தின் வரலாறு அறியாதவர், அதன் அமைப்பைக் கொத்தனாரின் விநோதம் என்றே நினைப்பார். பீடம் ஒன்று, அதிலிருந்து இரு கால்களைப் போல் விரியும் மண்டபங்கள் இரண்டு. வெளியார் இதைக் காற்சட்டைக்கு ஒப்பிட்டுக் கேலி பேசியதும் உண்டு. 1872இல் எழுந்த இக்கோயிலில் ஒரு மண்டபம் வேளாளருக்கு; மற்றது நாடாருக்கும் பிறருக்கும். இடையே சுவர். பலி நிறைவேற்றும் குரு இருசாராரையும் காண்பார். அவர்களோ ஒருவரையொருவர் காணமாட்டார்கள். ஒரே அப்பத்தில் பங்குபெற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராதிருக்க இத்தனை சுண்ணாம்பும் செங்கலும் செலவாயின!

1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. அதை மீண்டும் எழுப்பவேண்டும் என்று கேட்டு ஆயர்மேலேயே வழக்குத் தொடுத்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்ற அவ்வழக்கு நிலைக்கவில்லை. சாதியைக் கோயிலுக்குள் அனுமதித்தவர்கள் வெள்ளைக்காரச் சாமியார்களே என்று சொல்லி நாம் கைகழுவிக் கொள்வது வழக்கம். அனுமதித்தார்கள் என்பது மெய்யே. ஆயினும் சுவரைத் திரும்பக் கேட்டு நீதிமன்றப் படியேறியவர்கள் அந்நியரா? நன்மை வாங்கிய நம் பாட்டன்மார் அல்லரா?

மாலையில் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்றோம். தேவசகாயத்தின் மனைவி ஞானப்பூ அம்மாள் கணவனை இழந்தபின் இவ்வூரிலேயே வாழ்ந்து, 1766இல் மரித்து, இம்மண்ணிலேயே அடக்கமானார். கணவரோ கோட்டாறு சவேரியார் கோயிலில் துயில்கிறார். 2022 மே 15 அன்று அவர் புனிதராக உயர்த்தப்படும் முன்னரே, 2020இல், அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்ற சாதிப்பட்டத்தை உரோமை நீக்கிவிட்டது. எல்லாச் சாதியாரோடும் சமமாய்ப் பழகியதற்காகவும் பழிக்கப்பட்டவர் பெயரில் அப்பட்டம் எதற்கு?

புனிதருக்கே வேண்டாத பட்டம் நம் கல்லறைப் பலகைகளுக்கு வேண்டியிருக்கிறது. கோயிலுக்குள் ஒரே பெஞ்சில் உட்காரப் பழகிவிட்டோம். நடுவே வரப்பும், முள்வேலியும், சில இடங்களில் உயரமான சுவருமாய்க் கல்லறைத் தோட்டத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறோம். ஒரே பங்கிற்கு இரண்டு தூம்பா, இரண்டு பாதை. அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் பாதை, தூம்பா, கல்லறை, தனிப்பங்கு என்று முற்றிய பூசல் 2008 மார்ச் 9 அன்று துப்பாக்கிச் சூட்டில் முடிந்து, இருவர் மாண்டனர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான், 2003 நவம்பரில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தமிழக ஆயர்களிடம் சாதி வேற்றுமையைக் கண்டித்துப் பேசியிருந்தார். யார் காதில் விழுந்தது?

"செத்தவர்களை ஏன் கிளறுகிறீர்கள்?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நாம் எவர் எலும்பையும் கிளறச் சொல்லவில்லை. ஞானப்பூ அம்மாள் கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும். நம் தாத்தாக்களும் அப்படியே. இனி வெட்டப்போகும் குழிகளைப் பற்றித்தான் பேச்சு. "குடும்பக் கல்லறை" என்பது இன்னொரு சாக்கு. தாயின் அருகே மகன் அடங்க ஆசைப்படுவது இயல்பு. ஆனால் ஒரு சாதி முழுவதும் எப்படி ஒரு குடும்பமாகும்? சாமியார் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பாரும் உண்டு. அவர் சொன்னால் இடமாற்றம் கேட்டு மனு எழுதுகிறவர்களும் இவர்களே. சாமியார் ஐந்தாண்டில் போய்விடுவார். நாம் அங்கேயே புதைக்கப்படுவோம். எனவே இது பொதுநிலையினர் கணக்கு.

மந்திரித்த மண்ணில் ஒரு பாதி அதிகமாய் மந்திரிக்கப்பட்டது என்று எந்தப் பூசைப் புத்தகமும் சொல்லவில்லை. நவம்பர் 2 அன்று குரு தீர்த்தம் தெளித்துக்கொண்டே வேலியைச் சுற்றிப் போகிறார். நாமோ நம் பக்கத்து மெழுகுவர்த்தியோடு நின்றுவிடுகிறோம்.

அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் நாம் ஒரு கடிதம் கொடுக்கப்போகிறோம். எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும் ஒரே தூம்பா, ஒரே பாதை, வரிசையில் அடுத்த குழி. நம் வீட்டுச் சாவுக்கும் அவ்வாறே என்று நம் கையெழுத்தை முதலில் இட்டிருக்கிறோம். அதன் கீழே பன்னிரண்டு கோடுகள் வெறுமையாய் விடப்பட்டிருக்கின்றன.