கெட்ட வார்த்தைக்குப் பயப்படுகிறவன் பேசுகிறேன்

புதுச்சேரியில் ஒரு கதை வாசிப்பு. உப்பளத் தொழிலாளி ஒருவரைப் பற்றிய தன் கதையை நண்பர் ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பத்தியில், தாயைச் சொல்லித் திட்டும் அந்த வார்த்தை வந்தது. அரங்கம் சிரித்தது. எனக்கு உள்ளங்கை வேர்த்து, காது அடைத்துக்கொண்டது. எழுந்து வெளியே போய்விட்டேன். பின்னாலேயே வந்த இன்னொரு நண்பர் தோளில் கை போட்டார். "என்ன மச்சான், பொம்பள மாதிரி? இதுதான்டா மண்ணோட மொழி."

எந்த மண்ணோட மொழி என்று அப்போது கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

நான் குயிலாப்பாளையத்துக்காரன். அப்பா சீசனுக்கு மரக்காணம் உப்பளத்துக்கு வேலைக்குப் போவார். பள்ளிக்கூட லீவில் சில நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். மே மாத வெயிலில் பாத்தி முழுக்க வெள்ளையாக எரியும், கண்ணைத் திறக்க முடியாது. வாரிய உப்பில் சேறு கலந்துவிட்டது என்று ஒருநாள் மேஸ்திரி அப்பாவைத் திட்டினார், என் கண்ணெதிரே. அப்பா தலையைக் குனிந்தபடி பலகையை இழுத்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு ராத்திரி, சோறு ஆறிப்போச்சு என்று அம்மாவைத் திட்டினார். அதே வார்த்தைகள், அதே வரிசை. கடைசி வார்த்தை முடிவதற்குள் கை ஓங்கியிருந்தது. எனக்கு எட்டு வயசு. அன்றிலிருந்து அந்த வார்த்தை எனக்குப் பாதி அடி. மீதி எப்போது விழும் என்று உடம்பு காத்துக்கொண்டிருக்கும்.

'ஓவரா சீன் போடாத' என்பவர்களுக்கு ஒரு தகவல். 2003இல் கேதரின் ஹாரிஸும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலமும் தெரிந்தவர்களிடம், வசைச் சொற்களையும், சின்ன வயசில் பெரியவர்கள் கண்டித்த சொற்களையும் இரண்டு மொழியிலும் கொடுத்து, தோலில் ஏற்படும் மாற்றத்தை அளந்தார்கள். தாய்மொழியில் உடம்பு அதிகம் பதறியது. அந்த வித்தியாசம் குறிப்பாகத் தெரிந்தது சின்ன வயசுக் கண்டிப்புச் சொற்களில். எனக்கு இது புதுசு இல்லை. ஆரோவில் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வெள்ளைக்காரர்களின் ஆங்கில வசைகளைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஒன்றும் ஆகாது. தமிழில் ஒரு வார்த்தை, பஸ்ஸில் பின்சீட்டிலிருந்து வந்தால் போதும், ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கிவிடுவேன்.

'அப்போ எளிய மக்கள் திட்டவே மாட்டாங்களா?' திட்டுவார்கள். என் ஆயா திட்டும். கூலியில் பிடித்துக்கொண்ட மேஸ்திரியை நடுரோட்டில் நிறுத்தி, அவன் மூணு தலைமுறையையும் இழுத்துவிட்டது. அன்றைக்கு எனக்குப் பயமே வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. ஆயாவிடம் வேறு ஆயுதம் இல்லை. அந்த வசை கீழிருந்து மேலே போனது. நான் நடுங்குவது மேலிருந்து கீழே இறங்கும் வசைக்கு. மேஸ்திரியிடமிருந்து அப்பாவுக்கு, அப்பாவிடமிருந்து அம்மாவுக்கு. அம்மாவுக்குக் கீழே நான்தான் இருந்தேன். 'மண்ணின் மொழி' என்று கைதட்டுகிற நண்பர்களே, உங்கள் கதையில் அந்த வார்த்தை எந்தப் பக்கம் போகிறது? அதைக் கேட்டு நின்றவளுக்கு உங்கள் கதையில் ஒரு வரியாவது உண்டா?

உடனே பண்பாட்டுக் காவலர்கள் என்னைத் தூக்கிக்கொண்டு போக வருவார்கள். வேண்டாம். பீப் போட்டால் என் பயம் தீராது. பீப் சத்தத்துக்குள் அந்த வார்த்தையை நானே நிரப்பிக்கொள்கிறேன். இடக்கரடக்கல் என்று நன்னூல் இலக்கணமே வகுத்திருக்கிறது. சபையில் சொல்லக் கூசுவதை வேறு வார்த்தையில் சொல்வது. சரி. ஆனால் அறுபது வயசு மனுசனை ஒரு சின்னப்பயல் 'வாடா' என்று கூப்பிடுகிறானே, அதில் அடக்க வேண்டிய சொல் எது? அதில் ஆபாசம் துளிகூட இல்லை. கேட்டவனுக்கு மட்டும் அன்றைக்குச் சோறு இறங்காது.

சட்டத்திலும் இந்த ரெண்டு பார்வை இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 294, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 296. பொது இடத்தில் சொன்ன வார்த்தை ஆபாசமா, மற்றவர்களுக்குத் தொந்தரவா என்று அது பார்க்கும். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வேறு கேள்வி கேட்கிறது: யார், யாரை? சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதை அதன் 2015 திருத்தம் தனியாகவே குற்றமாக எழுதியது. சாதிப் பெயர் ஆபாச வார்த்தை இல்லை. ஆனால் அது எங்கே போய்க் குத்தும் என்று அந்தச் சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. இலக்கியத்துக்கும் தெரிந்திருக்க வேண்டாமா?

எழுதாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. என் அப்பாவை எழுத நேர்ந்தால் அந்த வார்த்தையை நானும் எழுதத்தான் வேண்டும். எழுதும்போது கை நடுங்கும். நடுங்கட்டும். அடுத்த கூட்டத்தில் அந்த வார்த்தை வரும்போது யாராவது எழுந்து வெளியே போனால், சிரிக்காதீர்கள். அவர் ஒழுக்கசீலர் என்று முடிவு கட்டாதீர்கள். அந்த வார்த்தைக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்த ஆளாக இருக்கலாம்.