லோயர், ஹையர், அப்புறம் போர்டு

எங்கள் பக்கத்தில் படம் வரையும் பையனை யாரும் திட்டுவதில்லை. நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்து, "நல்லா வரையுதானே!" என்பார்கள். அடுத்த மூச்சிலேயே, "லோயர், ஹையர் டிராயிங் பரிட்சை எழுதிரு. டி.டி.சி. முடிச்சா டிராயிங் மாஸ்டர் ஆயிரலாம்" என்பார்கள். சங்கரன்கோவிலில் ஓவியக் கனவுக்கு விழும் முதல் அடி இந்தப் பாராட்டுதான். அரசு கவின்கலைக் கல்லூரிக்குப் போவதென்றால் சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ போக வேண்டும். சென்னை பொதிகை ரயிலில் ஒரு ராத்திரிப் பயணம்தான். ஆனால் தறிச் சத்தத்தில் வளர்ந்த வீட்டில் அந்த ஒரு டிக்கெட்டை எடுத்துக் கொடுக்க யாருக்கும் மனசு வருவதில்லை.

பக்கத்து ஊரான கோவில்பட்டிக்கு எதிர்த்திசையில் வந்து சேர்ந்தவர் சி. கொண்டையராஜு. 1898-ல் சென்னையில் பிறந்தவர், அங்கேயே ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். படிப்புக்குத் தக்க வாழ்க்கை மட்டும் அமையவில்லை. கொஞ்ச காலம் திருவண்ணாமலையில் ரமணாசிரம வாசம். பிறகு நாடகக் கம்பெனியில் சீன் எழுதும் வேலை. இன்றைக்கு எழுதும் தர்பாரும் நந்தவனமும் நாளைக்குச் சுருட்டி வண்டியில் ஏறிவிடும். நாற்பதுகளின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. நாற்பது வயதைத் தாண்டிவிட்ட மனிதர், ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார். சீடர்களைச் சேர்த்துக்கொண்டு தேவி ஆர்ட் ஸ்டுடியோ என்று ஒரு போட்டோ ஸ்டுடியோ தொடங்கினார்.

அந்த ஸ்டுடியோவிலிருந்துதான் காலண்டர் சாமிகள் கிளம்பி வந்தார்கள். அச்சடிக்கப் பக்கத்திலேயே சிவகாசி இருந்தது. டி.ஏ.எஸ். ரத்தினம் பட்டணம் பொடி காலண்டரில் வந்த அவருடைய படங்களைத் தாத்தா காலத்துக்காரர்கள் இன்னும் சொல்வார்கள். வருஷம் முடிந்தால் தேதித்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, படத்துக்குக் கண்ணாடி போட்டுப் பூஜை அறையில் மாட்டிவிடுவார்கள். மூக்குப்பொடிக் கம்பெனி விளம்பரம் கற்பூர ஆரத்தி வாங்குவது நம் ஊர்களில்தான் நடக்கும்.

அவருடைய தோல்விகளாக நாம் எண்ணுகிற இடங்களில்தான் அந்தக் கை பழகியிருக்கிறது என்பது என் கணிப்பு. கொட்டகையின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் தெரிகிற மாதிரி சாயம் வைத்துப் பழகியவர் என்பதால்தான், குண்டு பல்பு வெளிச்சத்தில், அடுப்புப் புகைக்கு நடுவிலும் அவருடைய மீனாட்சி பளிச்சென்று தெரிந்தாள். படத்துக்குள் இருக்கும் தூண்களையும் திரைச்சீலையையும் பாருங்கள், நாடக மேடையேதான். அதற்காக எல்லாப் படமும் எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். எல்லாச் சாமிக்கும் ஒரே ரோஸ் கன்னம், ஒரே வழவழப்பு. எங்கள் ஊர் வண்டிமறிச்சி அம்மனுக்குள்ள உக்கிரம் அந்தக் கன்னத்தில் நிற்காது.

கே.சி.எஸ். பணிக்கர் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய 1966-ல் கொண்டையராஜு உயிரோடுதான் இருந்தார். நவீன ஓவியம் பேசியவர்களுக்குக் காலண்டர்காரர் ஒரு பொருட்டில்லை. 1976-ல் கொண்டையராஜு காலமானார். அவரைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுத ஸ்டீஃபன் இங்க்லிஸ் என்ற கனடாக்காரர் வர வேண்டியிருந்தது.

இப்படிப் பிந்திக் கை கூடியவர்கள் வேறு ஊரிலும் உண்டு. பாரிஸில் ஹென்றி ரூசோ என்று ஒருவர் சுங்கச் சாவடியில் வேலை பார்த்தார். படம் வரைவதற்காகவே 49 வயதில் வேலையை விட்டார். ஊர் சிரித்தது, அவர் பாட்டுக்குப் புலியும் காடுமாக வரைந்துகொண்டிருந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருக்குச் சின்னதாக ஒரு பென்ஷனாவது இருந்தது.

எங்கள் தெரு அண்ணாச்சிக்கு அதுவும் கிடையாது. லோயர், ஹையர் இரண்டும் முடித்தவர். மாஸ்டர் வேலை வரவில்லை, போர்டு எழுத வந்துவிட்டார். சின்னப் படத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, அதையே சுவரில் பெரிதாகப் போட்டு, சாரத்தில் தொங்கியபடி தலைவர்களின் மூக்கை ஒரே இழுப்பில் இழுப்பார். இருபது வருஷத்துக்கு முன்னால் ஃப்ளெக்ஸ் வந்தது. ஒரு ராத்திரியில் இருபது அடி முகம் அச்சாகி வந்ததும் பிரஷ்களைக் கெரசினில் ஊறப்போட்டுவிட்டு ஜவுளிக்கடையில் கணக்கெழுதப் போனார்.

இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. மொட்டைமாடியில் தகரக் கொட்டகை, மூன்றடி கேன்வாஸ், அதில் சங்கரநாராயணர். நம் சாமிதானே, சுலபம் என்று நினைத்தால் அங்கேதான் சிக்கல். வலப்பக்கம் சிவனின் செம்மேனி, இடப்பக்கம் பெருமாளின் நீலம். இரண்டும் நடு மூக்கில் சந்திக்க வேண்டும். ஈரத்தில் தொட்டால் சேறாகிவிடுகிறது. காயவிட்டுத் தொட்டால் இரண்டு படத்தை வெட்டி ஒட்டியது போல நடுவில் கோடு விழுகிறது.

"எனாமல்ல பழகின கை தம்பி, கோடு விழத்தான் செய்யும். கோமதியம்மன் ஒத்தைக்கால்ல தவம் கெடந்து பாத்தது கோட்டையா? ஒண்ணாத்தானே தெரிஞ்சிருக்கும்?" என்றவர், மூக்கைத் துணியால் மறுபடி துடைத்து எடுத்தார். நான் போகும்போதெல்லாம் சாமிக்கு மூக்கு இருப்பதில்லை.

"ஆடித் தபசுத் திருவிழாவுக்குள்ள முடிச்சிருவீங்களா அண்ணாச்சி?"

"எந்த வருஷத் தபசு?" என்று கேட்டுவிட்டு, என்னை ஒருக்களித்து உட்காரச் சொன்னார். மூக்குக்கு மாதிரி வேண்டுமாம்.