பளியர் வீட்டுக்கும் வரட்டும் அந்த நூல்கள்



நம் மானுடவியல் ஆய்வாளர் ஒருவர் கடல் கடந்து போய், அங்குள்ள அறிஞர்களோடு தம் கள அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளும்போது நமக்கெல்லாம் பெருமைதான். பழனி மலைக்கு, வெளிநாட்டு அறிஞர்களோடான இந்தப் பகிர்வு நூறாண்டுக்கும் மேலாகப் பழக்கமானது.

1908-இல் இயேசு சபைத் துறவி டாமன், இம்மலைப் பழங்குடியினரான பளியரைப் பற்றி எழுதிய கட்டுரை ஐரோப்பாவின் 'ஆந்த்ரோபோஸ்' இதழில் வெளிவந்தது. இங்குள்ள கற்திட்டைகளை ஆங்லேட் அடிகளாரும் நியூட்டன் அடிகளாரும் ஆராய்ந்து எழுதியதை, 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை நூலாக வெளியிட்டது.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து பீட்டர் கார்ட்னர் வந்தார். பளியரோடு தங்கி, காட்டில் கிழங்கு அகழ்ந்தும் தேன் எடுத்தும் வாழ்ந்த அவர்களின் வாழ்க்கையைக் கவனித்தார். அவரை ஈர்த்தது ஒன்று: ஒருவர் மேல் ஒருவர் அதிகாரம் செலுத்துவதில்லை, சிறுவருக்கும் மதிப்புண்டு, சண்டை மூளும்போல் இருந்தால் எழுந்து விலகிப் போய்விடுகிறார்கள். பின்னாளில் கனடாவின் வடபகுதியில் வாழும் டெனே மக்களிடமும் அவர் ஆய்வு செய்தார். போரில்லாமல் வாழ்வது எப்படி என்று உலக அறிஞர்கள் பேசும் இடங்களில் இன்று பளியர் பெயரும் அடிபடுகிறது. 2003-இல் சுவீடனின் கிறிஸ்டர் நோர்ஸ்ட்ரோமும் பழனி மலைப் பளியரைப் பற்றி ஒரு நூல் தந்தார்.

இந்த ஆய்வுகளுக்கெல்லாம் ஆசான்கள் பளியர்களே. எழுதப்பட்டதோ ஆங்கிலத்தில். பாட்டன் வாழ்ந்த வாழ்வை, கல்லூரிக்குப் போகும் பேத்தி தன் தாய்மொழியில் படிக்க வேண்டாமா? கொடுத்தவருக்கும் ஏதாவது வந்து சேர்ந்தால்தானே அது பரிமாற்றம்!

வெளிநாடு போகும் ஆய்வாளர்களே, திரும்பி வந்ததும் நீங்கள் ஆய்வு செய்த ஊருக்கு ஒரு நடை போய்வாருங்கள். வெளிநாட்டில் பேசியதை அவ்வூராரிடமும் தமிழில் சொல்லுங்கள். தவறிருந்தால் அவர்களே திருத்தட்டும்.

மலையூர்களில் ஆசிரியராகவும் செவிலியராகவும் பணிபுரியும் வாசகர்களே, முதியோர் சொல்வதை அவர்கள் இசைவோடு எழுதி அனுப்புங்கள். பளியர் பிள்ளைகள் தாங்களே எழுதினால் இன்னும் மகிழ்ச்சி. அவர்கள் எழுத்துக்குத்தான் இந்த இதழில் முதலிடம்.

அன்புடன்,
ஆசிரியர்