ஒடியும் கோடு
மனித உடலை வரைந்த படம் எதைக் கண்டாலும் "அச்சு அசல் போட்டோ மாதிரியே இருக்கு" என்று பாராட்டுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிழலை இழைத்து இழைத்துத் தோலின் பளபளப்பைக் கொண்டுவரப் பொறுமை போதும். ஒரே கோட்டில் தோள்பட்டையின் களைப்பைச் சொல்ல அது போதாது. வியன்னா ஓவியர் ஏகோன் ஷீலேயைப் பாருங்கள். 1906இல், 16 வயதில், அந்நகர நுண்கலைக் கழகத்தில் சேர்ந்து, அங்கிருந்த பழைய பாணிப் பயிற்சி ஒத்துவராமல் 1909இல் வெளியேறியவர். அவர் கோடு முழங்கையில் சடாரென ஒடியும், விலா எலும்பில் தடுக்கும், விரல் மூட்டில் முறுக்கிக்கொள்ளும், சில சமயம் பாதியிலேயே அறுந்தும் போகும். பல படங்களில் பின்புலமே கிடையாது; நாற்காலிகூட இல்லாமல் ஆள் அந்தரத்தில் உட்கார்ந்திருப்பார். ஆளை எதிரே வைத்து வேகமாகக் கோடிழுப்பார். வண்ணம் பெரும்பாலும் பிறகுதான், அதுவும் நினைவிலிருந்து. உடலைக் கண்டுபிடிக்கும் வேலை முழுக்கக் கோட்டுடையது. கோணல்மாணலாக இழுத்துவிட்டு 'உணர்ச்சி' என்பவர்களுக்கு இது சாக்காகாது. எலும்பு எங்கே இருக்கிறதென்று அறிந்த கைதான் அதை மீற முடியும். (மிக இளம் பெண்களை அவர் வரைந்த நிர்வாணப் படங்கள் இன்றும் நெருடுகின்றன, கோட்டின் அழகு அதற்குச் சமாதானம் அல்ல.) 1918இல், 28 வயதில், ஸ்பானிய ஃப்ளூ அவரைக் கொண்டுபோனது. ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இப்படிக் கோட்டை நம்பி, அழிக்காமல் வரையப் பழக, முதல் சில மாதங்களுக்காவது மாணவர்களிடமிருந்து ரப்பரை வாங்கி வையுங்கள்.