முக்கோணத்தை நட்சத்திரமாக மாற்றினால்... முடிச்சு அவிழும்!

ஐந்து மின்தடைகள். இரண்டே முனைகள். `தொகுபயன் மின்தடை எவ்வளவு?' என்று ஒரே வரியில் கேள்வி. பாலிடெக்னிக்கிலும் இன்ஜினீயரிங் முதலாமாண்டிலும் பலர் பேனாவைக் கீழே வைத்துவிடும் கேள்வி இது. இத்தனைக்கும் இதற்குத் தேவையான கணக்கு, பெருக்கலும் வகுத்தலும் மட்டும்தான்.

ஒரு தாளை எடுத்து வைர வடிவம் ஒன்று வரையுங்கள். மேல், கீழ், இடது, வலது என நான்கு முனைகள். மேலிருந்து இடதுக்கு 2 ஓம், மேலிருந்து வலதுக்கு 3 ஓம். இடதிலிருந்து கீழுக்கு 5 ஓம், வலதிலிருந்து கீழுக்கு 1.5 ஓம். இடதையும் வலதையும் குறுக்காக இணைக்க இன்னொரு 5 ஓம். இப்போது மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் இடையே மொத்த மின்தடை எவ்வளவு?

தொடர் இணைப்பு என்றால் கூட்டிவிடலாம். பக்க இணைப்பு என்றால் தலைகீழ் எடுத்துக் கூட்டலாம். இந்தப் படத்தில் எந்த இரண்டைத் தொட்டாலும் அவை தொடரிலும் இல்லை, பக்கத்திலும் இல்லை. எல்லாம் குறுக்கே நிற்கும் அந்த 5 ஓம் செய்யும் வேலை.

ப்ளஸ் டூ-வில் படித்த வீட்ஸ்டன் சமனச்சுற்றில் இந்தத் தொல்லை கிடையாது. மேலே உள்ள இரண்டின் விகிதமும் கீழே உள்ள இரண்டின் விகிதமும் ஒன்றாக இருந்தால், குறுக்கே மின்னோட்டம் போகாது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கணக்கை முடிக்கலாம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் தூக்கிப் போட்டால் சுமார் 2.74 ஓம் வரும். பார்க்க நம்பும்படி இருக்கும், ஆனால் தப்பு. ஏனென்றால் இங்கே மேலே 2-க்கு 3, கீழே 5-க்கு 1.5. சமன் எங்கே இருக்கிறது?

கிர்க்காஃப் விதிகளை வைத்துச் சமன்பாடுகள் எழுதியும் விடை எடுக்கலாம். ஆனால் நடுவில் ஒரு குறி மாறினாலும் திரும்ப முதலிலிருந்து வர வேண்டும். அதைவிட ஒரு நல்ல குறுக்குவழி இருக்கிறது.

மேல், இடது, வலது மூன்றையும் இணைக்கும் 2, 3, 5 ஓம் முக்கோணத்தை மட்டும் ஒரு மூடிய பெட்டிக்குள் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே மூன்று ஒயர்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. மல்ட்டிமீட்டரை மேலும் இடதும் வைத்தால், 2 ஓம் ஒரு பக்கம், 3-ம் 5-ம் சேர்ந்த 8 ஓம் இன்னொரு பக்கம். மீட்டர் 1.6 காட்டும். மேலும் வலதும் வைத்தால் 2.1. இடதும் வலதும் வைத்தால் 2.5.

இப்போது பெட்டியைத் திறந்து முக்கோணத்தை வெளியே எடுத்துவிடலாம். அதற்குப் பதில் நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து மூன்று கால்கள். மேல் முனைக்கு 0.6 ஓம், இடதுக்கு 1 ஓம், வலதுக்கு 1.5 ஓம். மறுபடி அளந்து பாருங்கள். 0.6 + 1 = 1.6. 0.6 + 1.5 = 2.1. 1 + 1.5 = 2.5. அதே மூன்று எண்கள்! உள்ளே ஆள் மாறியது மீட்டருக்குத் தெரியவே தெரியாது. சுற்றின் மற்ற பாகங்களுக்கும் தெரியாது.

அந்தக் கால்களின் மதிப்பு எப்படி வந்தது? ஒரு முனையைத் தொடும் இரண்டு பக்கங்களைப் பெருக்கி, மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். கூட்டுத்தொகை 10. மேல் முனையைத் தொடுபவை 2-ம் 3-ம், ஆக 6/10. இடதுக்கு 2-ம் 5-ம், ஆக 10/10. வலதுக்கு 3-ம் 5-ம், ஆக 15/10. சூத்திரம் இவ்வளவுதான். எதிரே இருக்கும் பக்கத்தைத் தவறிப்போய்ப் பெருக்கலில் சேர்த்துவிடுவதுதான் பலரும் மார்க்கைக் கோட்டைவிடும் இடம்.

இனி படத்தைப் பாருங்கள். இடது வழியில் 1 + 5 = 6 ஓம். வலது வழியில் 1.5 + 1.5 = 3 ஓம். இரண்டும் இப்போது சுத்தமான பக்க இணைப்பு, ஆக 2 ஓம். மேலே தொடரில் நிற்கும் 0.6-ஐச் சேர்த்தால் விடை 2.6 ஓம்.

இது சரிதானா என்று தேர்வறையிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. குறுக்கே உள்ளதை எடுத்துவிட்டால் மொத்த மின்தடை குறையாது. அங்கே வெறும் ஒயரைப் போட்டால் மொத்தம் கூடாது. எடுத்தால் 2.74, ஒயர் போட்டால் சுமார் 2.35. உண்மையான விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்க முடியும். வெளியே போயிருந்தால் எங்கோ கணக்கு பிசகிவிட்டது என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. `குறுக்கே உள்ள 5 ஓமில் மின்னோட்டம் எவ்வளவு?' என்று கேட்டால் நட்சத்திரப் படத்தில் தேடக் கூடாது. அந்த மின்தடையே அங்கே இல்லை. 13 வோல்ட் கொடுத்தால் மொத்தம் 5 ஆம்பியர். அதை வைத்து இடது, வலது முனைகளின் மின்னழுத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டு, பழைய படத்துக்குத் திரும்ப வேண்டும். குறுக்கே ஓடுவது சுமார் 0.67 ஆம்பியர்.

இந்த மாற்றத்தை 1899-ல் கட்டுரையாக வெளியிட்டவர் ஆர்தர் கென்னலி. பிறந்தது 1861-ல், நம்ம மும்பை கொலாபாவில்! டெலிகிராஃப் வேலையில் தொடங்கி, எடிசனின் ஆய்வகத்தில் பணியாற்றி, பிறகு ஹார்வர்டில் பேராசிரியர் ஆனவர். முக்கோணத்துக்கு `டெல்டா' என்ற பெயர் அதே வடிவில் உள்ள கிரேக்க எழுத்திலிருந்து வந்தது. காவிரி டெல்டாவில் இருப்பதும் அதே சொல்தான்.

`ஸ்டார் டெல்டா' என்றதும் கிராமத்துக்காரர்களுக்கு ஞாபகம் வருவது, மோட்டார் ரூமில் இருக்கும் ஸ்டார்ட்டர். அதற்குள் நடப்பதற்கும் இந்தக் கணக்குக்கும் நேரடி உறவு உண்டு. டெல்டாவின் மூன்று பக்கமும் தலா 3 ஓம் என்றால், அதற்குச் சமமான நட்சத்திரக் கால் 3 × 3 / 9, அதாவது 1 ஓம். ஆக, அதே மூன்று காயில்களை ஸ்டாரில் இணைத்தால் லைனுக்கு 3 ஓமாகவும், டெல்டாவில் இணைத்தால் 1 ஓமாகவும் தெரியும். மோட்டாரில் வெறும் மின்தடை மட்டும் இல்லை, மின்மறுப்பு என்று பார்க்க வேண்டும்; ஆனாலும் இந்த மூன்றுக்கு ஒன்று மாறாது.

நின்றுகொண்டிருக்கும் மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரன்ட் இழுக்கும். அதனால்தான் முதலில் ஸ்டாரில் இணைத்து, லைனிலிருந்து எடுப்பதை மூன்றில் ஒரு பங்காக்கி, வேகம் பிடித்த பிறகு டெல்டாவுக்கு மாற்றுகிறார்கள். சுழற்றும் விசையும் அப்போது மூன்றில் ஒன்றுதான். ஸ்டார்ட்டர் பழுதாகி ஸ்டாரிலேயே நின்றுவிட்டால், முழுத் தண்ணீரையும் தூக்க முடியாமல் மோட்டார் திணறும், சூடாகும். அப்படியே ஓடவிட்டால் காயில் கருகி, கட்டும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். கிளம்பிய சில விநாடிகளில் பெட்டிக்குள் `டக்' என்று டெல்டாவுக்கு மாறும் சத்தம் கேட்கவில்லையென்றால், முதலில் மோட்டாரை நிறுத்துங்கள்.